திருந்துவதா, குணமடைவதா?



‘போதைப்பொருளின் தீமைகள்’ என்பது சிங்கப்பூர்த் தமிழ் வகுப்புகளில் நிரந்தரவாசத் தகுதி பெற்றுவிட்ட கட்டுரைத் தலைப்பு. ஒருமுறையேனும் இதனை எழுதாமல் உயர்நிலைப் பள்ளியை முடித்த தமிழ் மாணவர் அரியர். கதையும் ஏறத்தாழ ஒன்றேதான். நல்ல மாணவன் ஒருவன், கூடாநட்பு, முதல் புகை, திருட்டு, சிறை, தாயின் கண்ணீர். சில பிள்ளைகள் இறுதிப் பத்தியில் அவனைக் கொன்றுவிடுவார்கள். கொல்ல மனம் வராதவர்கள் சிறைக்குள் அனுப்பிக் கதவைச் சாத்திவிடுவார்கள். அந்தக் கதவு மீண்டும் திறக்கும் என்பதோ, திறந்த பிறகு அவன் எங்கே போவான் என்பதோ எந்தக் கட்டுரையிலும் வருவதில்லை. முடிவுரையில் ஒரு பழமொழி இருந்தால் நல்லது என்று நாம்தாம் சொல்லிக்கொடுத்திருக்கிறோமே! ‘தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்’ என்று எழுதி, அதற்குரிய மதிப்பெண்ணையும் பெற்றுவிடுகிறார்கள்.

இப்பழமொழி என்ன சொல்கிறது என்று சற்றே எண்ணிப் பாருங்கள். ஒருவன் சாகும்வரை மாறமாட்டான் என்கிறது. இத்தீர்ப்பைப் பதினான்கு வயதுப் பிள்ளையின் கையால் எழுதவைக்கிறோம். அப்பிள்ளைக்குப் பக்கத்து மேசையில் இருப்பவனின் தந்தை அப்போது சாங்கியில் இருக்கக்கூடும். எழுதுகின்ற பிள்ளையின் தந்தையே இருக்கக்கூடும். ஜூரோங்கில் சில ஆண்டுகள் தமிழ் கற்பித்த எவருக்கும் இது கற்பனையன்று.

நான் மருத்துவன் அல்லன். சட்டம் படித்தவனும் அல்லன். சொற்களோடு புழங்குபவன். ஆகவே சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். தமிழில் ‘திருந்துதல்’ என்றொரு வினை உண்டு. ‘குணமாதல்’ என்றொரு வினையும் உண்டு. நீரிழிவு வந்தவரை எவரும் ‘திருந்திவிட்டாரா?’ என்று கேட்பதில்லை. காசநோயாளி மருந்தை நிறுத்தி மீண்டும் படுத்துவிட்டால் ‘புத்தி வரவில்லை’ என்று சொல்வதில்லை. ஹெராயினுக்கு அடிமைப்பட்டவர் என்றால் மட்டும் மருத்துவச் சொல் மறைந்து அறநூற்சொல் வந்து அமர்ந்துகொள்கிறது. திருந்தினான், திருந்தவில்லை, இவ்வளவே நம் கணக்கு. சிறையிலிருந்து வெளிவரும் மனிதருக்கு நம் நாடும் நம் சமூகமும் இன்றளவும் தராமல் வைத்திருக்கும் ஒன்றின் வேர் இந்தச் சொற்குழப்பத்தில்தான் இருக்கிறது என்பது என் துணிபு.

முதலில் நியாயமாகப் பேசிவிடுகிறேன். சிங்கப்பூர் இத்துறையில் ஒன்றுமே செய்யவில்லை என்று எவரேனும் சொன்னால் அது பொய். மத்திய போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவு 1971இல் தோன்றியது. போதைப்பொருள் தவறாகப் பயன்படுத்தல் சட்டம் 1973இல் வந்தது. ஹெராயின் வெள்ளம்போல் பரவிய நிலையில் 1977இல் ‘ஆப்பரேஷன் ஃபெரெட்’ என்னும் பெரும் தேடுதல் வேட்டை நடந்தது. பிடிபட்டுப் போதைப்பொருள் மறுவாழ்வு நிலையத்துக்கு அனுப்பப்படுவோர்மீது குற்றப்பதிவு ஏறாது என்னும் ஏற்பாடு, பல நாடுகளில் இல்லாத நல்ல ஏற்பாடு. 2000ஆம் ஆண்டில் ‘கேர் நெட்வொர்க்’ என்ற கூட்டமைப்பு உருவாயிற்று. 2004இல் அதிபர் எஸ். ஆர். நாதன் அவர்கள் மஞ்சள் நாடாத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். விடுதலையாகி வருபவர் தம்மை ஏற்றுக்கொள்வார்களா என்று ஏங்குவதைப் பற்றிய 1973ஆம் ஆண்டு ஆங்கிலப் பாடல் ஒன்றிலிருந்து வந்த பெயர் அது. (மஞ்சள் நமக்கும் மங்கல நிறமன்றோ! ஆனால் நம் வீடுகளில் அந்த நாடாவைக் கட்டியவர் எத்தனை பேர்?)

பலனும் கிடைத்தது. 1998இல் விடுதலையான கைதிகளுள் 44 விழுக்காட்டினருக்கு மேல் இரண்டே ஆண்டுகளில் மீண்டும் உள்ளே போனார்கள். அண்மை ஆண்டுகளில் அது ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் என்ற அளவுக்கு இறங்கியிருக்கிறது. உழைத்தவர்களை வணங்குகிறேன். ஆனால் அதே கணக்கை ஐந்தாண்டுகளுக்கு நீட்டிப் பாருங்கள். ஏறத்தாழ ஐந்தில் இருவர் என்று ஆகிவிடுகிறது. அதாவது, வரவேற்பும் வேலையும் கண்காணிப்பும் சேர்ந்து ஒரு மனிதரை இரண்டு ஆண்டுகள் தாங்கிப் பிடிக்கின்றன. பிறகு பலரின் பிடி நழுவிவிடுகிறது. ஏன் நழுவுகிறது என்பதுதான் கேள்வி.

ஹெராயின் அபின் வழி வந்த பொருள். நாள்தோறும் எடுத்தவரின் மூளை அதற்கேற்பத் தன்னை மாற்றி அமைத்துக்கொள்கிறது. நிறுத்தினால் வாந்தி, வயிற்றுப்போக்கு, எலும்பைக் குடையும் வலி, உறக்கமின்மை எல்லாம் வரும். ஓரிரு வாரங்களில் இவை அடங்கிவிடும். 1970களின் பிற்பகுதியிலிருந்து நம் மறுவாழ்வு நிலையங்கள் கைக்கொண்ட முறை, உடல்நலம் இருப்பவரை மருந்தே இன்றி அந்த வேதனையைத் தாங்கவைப்பது. (ஆங்கிலத்தில் இதற்கு ‘குளிர்ந்த வான்கோழி’ என்று ஒரு விந்தையான பெயர்.) அந்த வேதனை அடங்கியதும் நோய் போய்விட்டது என்று எண்ணிக்கொள்கிறோம். வேதனை போகும், வேட்கை போவதில்லை. அது மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில், உறங்கும். பழைய கோப்பிக்கடை, பழைய நண்பன், வேலை கிடைக்காத ஒரு பிற்பகல், இவற்றில் ஏதேனும் ஒன்று அதை எழுப்பப் போதும்.

இன்னொன்றும் நிகழ்கிறது. உள்ளே இருந்த காலத்தில் உடல் தன் தாங்குதிறனை இழந்துவிடுகிறது. வெளியே வந்தவர் பழைய நினைவில் பழைய அளவை எடுத்தால் மூச்சு நின்றுபோகலாம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலச் சிறைகளிலிருந்து விடுதலையான 30,000 பேருக்கு மேற்பட்டோரை ஆராய்ந்து 2007இல் வெளியான கட்டுரை மருத்துவ உலகை உலுக்கியது. விடுதலைக்குப் பிந்திய முதல் இரண்டு வாரங்களில் அவர்கள் இறக்கும் வாய்ப்பு, அதே வயதுடைய பிற மக்களைவிட ஏறத்தாழ 13 மடங்கு. அளவுமீறிய போதைப்பொருளால் இறக்கும் வாய்ப்பு 129 மடங்கு! சிறைக்குள் அல்ல, சிறை வாயிலைத் தாண்டியபின்.

அந்த எண்கள் சிங்கப்பூருக்கு அப்படியே பொருந்தா. இங்கே ஹெராயின் எளிதில் கிடைப்பதில்லை. தெருவோரங்களில் மனிதர்கள் மாண்டு கிடப்பதில்லை. அது நம் அமலாக்கத்தின் வெற்றி. ஆனால் நோயின் இயல்பு கடல் தாண்டினால் மாறாது. அங்கே அது இரண்டு வாரங்களில் பிணவறைக்கு அனுப்புகிறது. இங்கே சில ஆண்டுகளில் மீண்டும் சாங்கிக்கு அனுப்புகிறது. அதற்குள் ஒரு பிள்ளை தொடக்கநிலையைக் கடந்து உயர்நிலைக்கு வந்துவிடுகிறது, இரண்டாம் முறையாகத் தந்தையை இழந்து.

இந்நோய்க்கு மருந்து இல்லையா? உண்டு. மெத்தடோன் என்பதும் புப்ரெனார்ஃபின் என்பதும் 2005இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துகள் பட்டியலில் இடம்பெற்றன. அபின் வகைப் பொருளுக்காகத் தவிக்கும் மூளையை இவை போதையின்றி அமைதிப்படுத்துகின்றன. உரிய அளவில் எடுப்பவர் காலையில் மருந்தைக் குடித்துவிட்டு வேலைக்குப் போகலாம். பிள்ளைக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுக்கலாம்.

இங்கேதான் நம் ஊரின் சப்யூடெக்ஸ் கதை குறுக்கே வருகிறது. நாற்பது வயதைக் கடந்த பெற்றோருக்கு நினைவிருக்கும். புப்ரெனார்ஃபினின் வணிகப் பெயர்தான் சப்யூடெக்ஸ். 2002இல் ஹெராயின் அடிமைகளுக்கான சிகிச்சை மருந்தாக அது சிங்கப்பூருக்கு வந்தது. பொது மருத்துவர்கள் தம் மருந்தகங்களில் எழுதிக்கொடுத்தார்கள். நோயாளிகள் மாத்திரைகளைக் கையோடு கொண்டுபோனார்கள். நாக்கின் அடியில் வைத்துக் கரையவிட வேண்டிய மாத்திரை அது. பலர் அதைப் பொடித்துக் கரைத்து, டார்மிக்கம் என்னும் உறக்க மருந்தையும் கலந்து ஊசிவழி ஏற்றிக்கொண்டார்கள். லிட்டில் இந்தியாவின் பின்சந்துகளிலும் கேலாங்கிலும் ஊசிகள் இறைந்து கிடந்தன. கைகால் அழுகியவர்களும் இதயத்தில் கிருமி ஏறியவர்களும் மருத்துவமனைகளை நிறைத்தனர். 2006 ஆகஸ்ட் 14ஆம் நாள் அது ‘ஏ’ வகைக் கட்டுப்படுத்தப்பட்ட பொருளாக அறிவிக்கப்பட்டது. மருந்தாக வந்தது நான்கே ஆண்டுகளில் ஹெராயினின் வரிசையில் நின்றது.

அன்று அரசு ஏதேனும் செய்தே ஆகவேண்டிய நிலை இருந்தது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதிலிருந்து நாம் கற்றுக்கொண்ட பாடம் என்ன? ‘மருந்து கொடுத்தால் இப்படித்தான்’ என்பது. நான் கேட்கிறேன்: தோற்றது மருந்தா, மருந்தைக் கொடுத்த முறையா? செவிலியரின் கண்முன்னே நாக்கின் அடியில் வைத்துக் கரையும்வரை காத்திருக்கும் ஏற்பாடு ஆரம்பத்திலிருந்தே இருந்திருந்தால்? ஊசிவழி ஏற்றுவோருக்குப் பலன் தராதபடி இன்னொரு மருந்து கலந்த மாத்திரையை மட்டும் அனுமதித்திருந்தால்? தேர்வுத்தாளை மேற்பார்வையாளர் இல்லாமல் வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிட்டு, மாணவர் பார்த்தெழுதினார் என்பதற்காகத் தேர்வு முறையையே ஒழித்துவிட்டதுபோல் இருக்கிறது இது. தடைக்குப் பின்வந்த ஆண்டுகளில் ஹெராயின் புழங்கிப் பிடிபட்டோர் எண்ணிக்கை மீண்டும் ஏறியதையும் மறந்துவிடலாகாது. மாத்திரையைத்தான் தடைசெய்தோம், நோய் அடுத்த கடைக்குப் போயிற்று.

மேற்பார்வையோடு மருந்தைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை அறிய ஊகம் தேவையில்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஃபிராங்க்ளின், ஹாம்ப்ஷர் என்று அடுத்தடுத்து இரண்டு கவுண்டிகள் உள்ளன. கவுண்டி என்பது நம் ஊர்ப்பக்கத்து மாவட்டம் போன்ற ஓர் ஆட்சிப் பிரிவு. ஒவ்வொன்றுக்கும் தனிச் சிறை உண்டு. இரண்டும் கிராமப்புறம், இரண்டிலும் ஒரே வகை மக்கள், ஒரே வகைத் துன்பம். ஃபிராங்க்ளின் சிறை 2016 முதல் கைதிகளுக்குப் புப்ரெனார்ஃபின் கொடுத்து, விடுதலையாகும் நாளிலேயே வெளியிலுள்ள மருந்தகத்தோடு அவர்களை இணைத்துவிட்டது. ஹாம்ப்ஷர் அப்போது கொடுக்கவில்லை. இரண்டிலிருந்தும் வெளிவந்தவர்களை ஒப்பிட்டு 2022இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. மருந்து கொடுத்த கவுண்டியில் மீண்டும் சட்டத்தின் பிடியில் சிக்கியவர்கள் 48 விழுக்காடு. கொடுக்காத கவுண்டியில் 63 விழுக்காடு. ஜூரோங்கும் கிளிமெண்டியும் போல அண்டையிலுள்ள இரு ஊர்களுக்கிடையே அவ்வளவு வேறுபாடு! பின்னர் ஹாம்ப்ஷரும் மருந்தைக் கொடுக்கத் தொடங்கியது.

அதே நாட்டின் ரோட் ஐலண்ட் என்னும் சின்னஞ்சிறு மாநிலம் 2016இல் தன் சிறைகள் அனைத்திலும் இத்தகைய மருந்துகளைக் கிடைக்கச் செய்தது. அவ்வாண்டின் முதல் ஆறு மாதங்களில், அண்மையில் சிறையிலிருந்து வந்தவர்களுள் அளவுமீறிய போதையால் இறந்தவர்கள் 26 பேர். அடுத்த ஆண்டின் அதே ஆறு மாதங்களில் 9 பேர். பதினேழு பேர் வேறுபாடு என்பது ஒரு தமிழ் வகுப்பின் அளவு.

‘அமெரிக்கா தன் வீட்டையே எரித்துக்கொண்ட நாடு, அதனிடம் நாம் என்ன கற்பது?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். மருந்து நிறுவனங்களின் பேராசையால் அபின் வகை மாத்திரைகளை மிட்டாய்போல் வழங்கி அழிந்த நாடு அது. சரி, அமெரிக்கா வேண்டாம். காஸ்வேயைத் தாண்டுங்கள். நம்மைப் போலவே தூக்குத் தண்டனை உட்படக் கடுமையான போதைப்பொருள் சட்டங்களைக் கொண்ட மலேசியா 2005இல் மெத்தடோன் சிகிச்சையைத் தொடங்கியது. 2008இல் கிளந்தானின் பெங்காலான் செப்பா சிறைக்குள்ளேயே கொண்டுசென்றது. 2010இல் கோலாலம்பூரின் அர்-ரஹ்மான் பள்ளிவாசலில் மெத்தடோன் வழங்கும் திட்டம் தொடங்கியது. தொழுகை நடக்கும் இடத்திலேயே மருந்தும்! ஹாங்காங் 1970களிலிருந்தே கொடுத்துவருகிறது. இந்தியாவில் டெல்லியின் திகார் சிறையில் 2008இல் புப்ரெனார்ஃபின் சிகிச்சை அறிமுகமாயிற்று. இவற்றுள் எந்த நாடும் மருந்து கொடுத்ததற்காகக் கடத்தல்காரர்களிடம் சரணடைந்துவிடவில்லை.

எதிர்வாதம் இரண்டு உண்டு. ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதையைக் கொடுக்கிறோம் என்பது முதல் வாதம். நாள்தோறும் மருந்து எடுப்பதுதான் அடிமைத்தனம் என்றால், இன்சுலின் போட்டுக்கொள்ளும் நம் தாய்தந்தையர் அனைவரும் அடிமைகளே. பொய், திருட்டு, வேலையிழப்பு, குடும்பச் சிதைவு ஆகியவையே அடிமைத்தனத்தின் அடையாளங்கள். அவை நீங்கினால் நோய் கட்டுக்குள் இருக்கிறது என்று பொருள். நாம் கடுமையாக இருப்பதால்தானே நம் ஊர் சுத்தமாக இருக்கிறது, மருந்து என்றால் அந்தக் கடுமை தளர்ந்துவிடும் என்பது இரண்டாம் வாதம். டெங்கியை எண்ணிப் பாருங்கள். கொசு வளர்த்த வீட்டுக்கு அபராதம் போடுகிறோம். பூந்தொட்டியின் தட்டைக்கூடக் கவிழ்த்துப் பார்க்கிறோம். அதற்காக டெங்கிக் காய்ச்சலோடு வருபவரை மருத்துவமனை வாசலில் நிறுத்தி ‘மன உறுதியோடு இரு’ என்று சொல்லி அனுப்புகிறோமா? கொசுவை ஒழிப்பது ஒரு வேலை. காய்ச்சலைக் கவனிப்பது வேறொரு வேலை.

ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். இன்று இங்கே மிகுதியாகப் புழங்குவது ‘ஐஸ்’ எனப்படும் மெத்தம்பெட்டமின். அதற்கு மெத்தடோன் போன்ற மருந்து இன்னும் இல்லை. ஆகவே நான் கேட்பது எல்லாருக்கும் பொருந்தாது. ஹெராயினோடு பல ஆண்டுகள் போராடி, பலமுறை உள்ளே போய் வந்தவர்களுக்குப் பொருந்தும். அவர்களுள் நம்மவர் இருக்கிறார்கள். 2023இல் இந்நாட்டில் பிடிபட்ட போதைப்புழங்கிகள் 3,122 பேர். மக்கள்தொகையில் ஏறத்தாழ 9 விழுக்காடான இந்தியர்கள், பிடிபடுவோரில் அதைவிடப் பெரிய பங்கினர். இப்புள்ளிவிவரத்தைத் தமிழ் மேடைகளில் எவரும் விரும்பிச் சொல்வதில்லை. தேர்வில் நம் பிள்ளைகள் பெறும் தேர்ச்சி விழுக்காட்டை மட்டும் தசமப் புள்ளியோடு சொல்கிறோம்.

சட்டமும் அசையாமல் நிற்கவில்லை. 1998இல் வந்த நீண்டகாலச் சிறைத்தண்டனை முறையின்படி, மறுவாழ்வு நிலையத்திலிருந்து வந்தும் மீண்டும் மீண்டும் பிடிபட்டவருக்குக் குறைந்தது 5 ஆண்டுச் சிறையும் 3 பிரம்படிகளும். 2019இல் அது திருத்தப்பட்டது. வேறு குற்றம் எதுவும் செய்யாமல் போதைப்பொருளை உட்கொண்டதாக மட்டும் ஒப்புக்கொள்பவர், எத்தனையாவது முறை பிடிபட்டாலும், மறுவாழ்வு நிலையத்துக்கே அனுப்பப்படலாம். அரசே ஓர் அடி ‘குணமாதல்’ பக்கம் எடுத்துவைத்த நாள் அது. நம்மில் பலர் கவனிக்கக்கூட இல்லை. ஆனால் அதே திருத்தம் வெளிவந்த பிறகான கண்காணிப்பை 2 ஆண்டிலிருந்து 5 ஆண்டாக நீட்டியது. குறித்த நாளில் போய்ச் சிறுநீர்ப் பரிசோதனை தர வேண்டும். தவறினால் அது தனிக் குற்றம். கண்காணிப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை. பரிசோதனை நாளை எண்ணியே பலர் கையை இழுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதையும் அறிவேன். ஆனால் காய்ச்சல்மானி எத்தனை முறை வைத்தாலும் அது மருந்தாகுமா?

வெளிவந்தவரின் நிலையில் நின்று பாருங்கள். நான்கு மாதம் நன்றாக இருந்தார். ஐந்தாம் மாதம் ஓர் இரவு வேட்கை வந்து தொண்டையைப் பிடிக்கிறது. யாரிடம் சொல்வார்? கண்காணிப்பு அதிகாரியிடம் சொல்ல அச்சம். குடும்ப மருத்துவரிடம் சொன்னால், போதைப் பழக்கம் உடையவர் என்று ஐயுறும் நோயாளியைப் பற்றி 7 நாள்களுக்குள் அறிவிக்க வேண்டிய கடமை அம்மருத்துவருக்குச் சட்டப்படி உண்டு. மனைவியிடம் சொன்னால் மாமியார்வரை போகும். கோவிலில் சொல்லலாம், கடவுள் எங்கும் அறிவிக்கமாட்டார், ஆனால் மருந்தும் தரமாட்டார். ஆக, உதவி தேவைப்படும் அதே நொடியில் எல்லாக் கதவும் மூடிக்கொள்ளும்படி இந்த வீட்டைக் கட்டி வைத்திருக்கிறோம். இதற்கு ‘மன உறுதி இல்லாதவன்’ என்று அவருக்குப் பட்டம் வேறு!

கேட்பது பெரிதன்று. விடுதலைக்கு முன்பே தகுதியுள்ளவரை மருத்துவர் மதிப்பிடட்டும். மருந்து ஏற்றதென்றால், மனநலக் கழகத்தின் கண்காணிப்பில், ஒவ்வொரு நாளும் செவிலியர் முன்னிலையில் கொடுக்கட்டும். மாத்திரை ஒன்றுகூட வீட்டுக்குப் போக வேண்டாம். தவறி விழுந்தவர் தாமே வந்து சொன்னால், அச்சொல் அவருக்கு எதிரான சாட்சியாக மாறாதிருக்கட்டும். 2002இல் திறந்தவெளியில் செய்து தோற்றதை, நான்கு சுவர்களுக்குள் ஓராண்டு, சில நூறு பேருக்கு மட்டும் செய்து பார்த்து, முடிவுகளை வெளியிடட்டும். ஊழியர்களும் கட்டடங்களும் பரிசோதனைக் கருவிகளும் நம்மிடம் இருக்கின்றன. தண்ணீரைக் கழிவிலிருந்து மீட்டுக் குடிக்கப் பழகிய நாடு, இதற்கு மட்டும் தயங்குவானேன்?

(தூக்குத் தண்டனையைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று சிலர் கேட்பார்கள். அதற்கு ஆதரவாகவும் எதிராகவும் உரத்து வாதிடுவோர் நிறையவே இருக்கிறார்கள். கடத்தியவரைப் பற்றிய அந்த ஓசையில், உட்கொண்டு நோயுற்றவரைப் பற்றிய பேச்சு காணாமற்போய்விடுகிறது என்பது என் குறை.)

அரசிடம் கேட்டாயிற்று. இனி நம்மிடம்.

சில ஆண்டுகளுக்கு முன், தமிழ் அமைப்பொன்றின் ஏற்பாட்டுக் கூட்டத்தில் ஒரு கருத்தை முன்வைத்தேன். அமைப்பின் பெயர் வேண்டாம். பெற்றோருக்கான நிகழ்ச்சியில், பதினைந்து ஆண்டுகளாகப் போதைப்பொருளைத் தொடாமல் வாழும் ஒருவரைப் பேச அழைக்கலாம் என்றேன். சில நொடிகள் அமைதி. பிறகு மூத்தவர் ஒருவர், “தம்பி, நம்ம பிள்ளைங்க உட்கார்ந்திருக்கிற சபையில அந்த மாதிரி ஆளுங்களை மேடையேத்தலாமா?” என்றார். அடுத்த தலைப்புக்குப் போய்விட்டார்கள். அந்த ‘நம்ம பிள்ளைங்க’ என்ற சொல்லை நான் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறேன். அவர்களுள் எத்தனை பேர் ‘அந்த மாதிரி ஆளுங்க’ளின் பிள்ளைகள் என்று அப்பெரியவருக்குத் தெரியாது, எனக்குச் சிலரைத் தெரியும்.

இந்து அறக்கட்டளை வாரியம் ‘ஆசிரமம்’ என்னும் இடைநிலை இல்லத்தை நடத்துகிறது. சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டா சிறைக்கைதிகளின் குடும்பங்களை நாடிப் போகிறது. இவை நம் பெருமைகள். தைப்பூசத்தன்று காவடிகளின் எண்ணிக்கையைப் பேசும் நாம், ஆசிரமத்தில் தொண்டூழியர் எத்தனை பேர் என்று என்றேனும் விசாரித்தோமா? கோலாலம்பூரில் ஒரு பள்ளிவாசல் செய்ததை இங்கே ஒரு கோவில் செய்யக் கூடாதென்று எந்த ஆகமம் சொல்கிறது? மருந்து வழங்க அனுமதி கிடைக்கும் நாள்வரை, மாதம் ஒருமுறை இக்குடும்பங்கள் பெயர் சொல்லாமல் வந்து அமர்ந்து பேச ஓர் அறையேனும் திறந்து வைக்கலாமே.

வீட்டில் இத்தகைய ஒருவர் திரும்பி வரவிருக்கும் பெற்றோருக்குச் சில சொற்கள். பிள்ளையிடம் ‘அப்பா வெளிநாட்டில் வேலை செய்கிறார்’ என்று சொல்லி வைத்திருப்பீர்கள். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளை எதுவும் அதை நம்பியிருப்பதாக நான் கண்டதில்லை. உண்மையைச் சொல்லுங்கள்: அப்பாவுக்கு ஒரு நோய், அதனால் தவறு செய்தார், தண்டனை முடிந்து வருகிறார், நோய்க்கு இன்னும் கவனிப்பு வேண்டும் என்று. வந்தவரை முதல் வாரத்திலேயே உறவினர் கூடிய விருந்தில் உட்காரவைத்து ‘இனிமேலாவது...’ என்று தொடங்காதீர்கள். முதல் சில மாதங்களே மிகக் கடினமானவை. பரிசோதனை நாளன்று உடன் போங்கள். தவறி விழுந்தால், அது பன்னிரண்டு மாத உழைப்பு முழுவதும் பொய் என்று ஆகிவிடாது. காசநோயாளி ஒருவேளை மருந்தை மறந்தால் நாம் என்ன செய்வோமோ அதையே செய்யுங்கள்.

ஆசிரிய நண்பர்களே, நம் கையில் இருப்பது சிவப்புப் பேனா. ‘போதைப்பொருளின் தீமைகள்’ என்ற தலைப்பைத் தூக்கி எறியச் சொல்லவில்லை, தீமைகள் தீமைகளே. ஆனால் கதை சிறைக்கதவோடு முடியவேண்டியதில்லை என்று மாணவரிடம் சொல்லலாம். ‘கயவன்’, ‘சமுதாயக் களை’ போன்ற சொற்களின் கீழே அழகிய சொல்லாட்சி என்று குறி இடுவதை நிறுத்தலாம். அடுத்த தவணையில் உயர்நிலை மூன்றுக்கு நான் கொடுக்கவிருக்கும் தலைப்பு: ‘நீண்ட நாள்களுக்குப் பிறகு வீடு திரும்பிய ஒருவரின் முதல் நாள்’. எங்கிருந்து திரும்பினார் என்பதை மாணவரே முடிவுசெய்யட்டும். மருத்துவமனை, தேசிய சேவை, வெளிநாடு, சிறை, எதுவாகவும் இருக்கலாம். வகுப்பில் உரக்கப் படிக்கச் சொல்லப்போவதில்லை. ஏடுகள் என் மேசையை விட்டு வேறெங்கும் போகா. இத்தலைப்பு தம் பிள்ளைக்கு ஏற்றதன்று எனக் கருதும் பெற்றோர் முன்கூட்டியே ஒரு குறிப்பு அனுப்பினால், மாற்றுத் தலைப்பொன்றைத் தருகிறேன்.